மேலே பச்சை

வேலையில் சேர்ந்த அன்று மாவட்ட அலுவலக வாசலில் என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான். "பச்சைச் சட்டை உனக்கு நல்லா எடுப்பா இருக்கு, தம்பி" என்றார். நான் போட்டிருந்தது செங்கல் சிவப்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிறவன் என்பதற்காக என் அம்மா பஸ் ஏறிப் போய் வாங்கிவந்த சட்டை அது. தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அதன் நிறத்தை ஒருவர் தப்பாகச் சொன்னால் சும்மா போக மனம் வருமா?

"இது சிவப்பு அண்ணே."

"அட, கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேலைக்குத் தேறிட்டே, உள்ள போ" என்று முதுகில் தட்டி அனுப்பினார். பக்கத்தில் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "யார் புதுசா வந்தாலும் இந்த ஆளு இப்படி ஒரு பரீட்சை வைப்பாரு. கோவிச்சுக்காத" என்றார் அவர்களில் ஒருவர்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கொடிக்காரர். முன் முற்றத்துக் கொடிக்கம்பம் அவர் பொறுப்பு. சூரியன் எழும்போது ஏற்ற வேண்டும், சாயும்போது இறக்க வேண்டும், இடைப்பட்ட நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். நேரம் தவறக்கூடாத வேலை என்பதால் கட்டடத்துக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அந்த வீடு ஆளுக்கு இல்லை, வேலைக்கு. கொடி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சாவி. அதன் ஜன்னலோரம் அவர் மனைவி தையல் மெஷின் போட்டு, ஊழியர்களின் சீருடைகளைப் பிடித்துக் கொடுப்பார், தளர்த்திக் கொடுப்பார். நாங்கள் அண்ணி என்போம்.

கொடிக்காரரின் விளையாட்டு எல்லாம் நிறத்தை வைத்துத்தான். சிவப்பு நாடா கட்டிய கோப்பைத் தூக்கி, "இந்தப் பச்சை யாரோடது?" என்பார். யாராவது, "யோவ், அது சிவப்பு" என்றால், "சும்மா தூங்குறியான்னு பார்த்தேன்" என்பார். வயது ஐம்பதைத் தாண்டியும் குறும்பு போகவில்லை என்று எல்லோரும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன்.

அது விளையாட்டே இல்லை. அவர் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். இரண்டுமே ஒரு மாதிரி மண் நிறம், ஒன்று கொஞ்சம் அழுத்தம், ஒன்று கொஞ்சம் மங்கல், அதுவும் துணிக்குத் துணி மாறும். தப்பாகச் சொன்னால் எதிராளி திருத்துவார், திருத்தினால் சரியான பதில் கிடைத்துவிடும். அவர் இத்தனை வருடம் உலகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த வழியில்தான்.

இந்த விஷயம் சிறு வயதிலேயே வெளிப்பட்டிருக்கிறது. அண்ணன்மார்களோடு பழம் பறிக்கப் போனால் இவர் பை நிறையக் காய்தான் இருக்கும். "இவனைக் கூட்டிட்டுப் போனா மரத்துக்குத்தான் நஷ்டம்" என்பார்களாம். வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்தார்கள். இதற்கு நிறக்குருடு என்று பெயர் என்பது தெரிந்தது ரயில்வே வேலைக்குப் போனபோது. எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, கடைசியில் கண் மருத்துவர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "என்ன எண் தெரியுது?" என்றார். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. கைகாட்டி விளக்கில் எது நில், எது போ என்று தெரியாதவனுக்கு ரயிலில் என்ன வேலை என்று வாசலைக் காட்டிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் அவர் அப்பா ஒன்றே ஒன்று சொன்னாராம்: "இதை இனிமே யார்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லிடாத."

அதன்படியே இருந்தார். மாவட்ட அலுவலகத்தில் காவலுக்கு ஆள் எடுத்தபோது உயரம் பார்த்தார்கள், தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், புள்ளிப் புத்தகம் யாரும் பிரிக்கவில்லை. நிம்மதியாக இருந்தவரிடம் சில வருடம் கழித்து, பழைய ஆள் ஓய்வு பெற்றதும், கம்பத்தை ஒப்படைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே? நாட்டுக் கொடியை ஏற்ற மாட்டேன் என்று எவன் சொல்லுவான்? வீடும் கிடைக்கிறது. சரி என்றுவிட்டார்.

எங்கள் கொடி மேலே பச்சை, நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. வெள்ளையின் மையத்தில் ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்துக்குத் தலை கால் கிடையாது. ஆகவே எது மேல், எது கீழ் என்று சொல்ல அந்த இரண்டு நிறத்தை விட்டால் வேறு அடையாளமே இல்லை. தலைகீழாக ஏற்றினால் வெட்கக்கேடு என்று பல நாடுகளில் சொல்வார்கள். எங்கள் நாட்டில் அது வெட்கத்தோடு போகாது. சிவப்பு மேலே இருந்தால் அது வேறொரு கொடி. சண்டைக் காலத்துக் கொடி. விடுதலைக்குப் பிறகும் சண்டையை நிறுத்த மாட்டோம் என்றவர்கள் கடைசி வரை பிடித்த கொடி. அதை ஏற்றுவது அரசின் மேல் போர் தொடுப்பதற்குச் சமம் என்று சட்டம் சொல்கிறது. நான் சேர்ந்த வருடம்தான், வேறொரு ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கவனக்குறைவாக மாற்றி ஏற்றிவிட்டார். மணி அடிப்பதற்குள் கல் பறந்து வந்தது. மனிதர் பல நாள் விசாரணையில் இருந்தார். அந்தச் செய்தியை வாசலில் யாரோ உரக்கப் படித்தபோது கொடிக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு போய்க் கம்பத்துக் கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அன்று எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை.

பழைய கொடிகளில் அவருக்குச் சிக்கல் இருக்கவில்லை. கயிற்றில் மாட்டும் ஓரத்தில் மேல் முனைக்கு ஒரு சின்ன மரக்கட்டை, கீழ் முனைக்குக் கயிற்றுக் கண்ணி. கையால் தடவினாலே போதும். அப்படியும் பயம் விடவில்லை. ஏற்றி முடித்ததும் எல்லோரும் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் வாசல் காவலரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் சும்மா இருந்தால் இவருக்கு மூச்சு வரும். காவலர் அன்றைக்கு யார் மேலாவது எரிச்சலில் முகத்தைச் சுளித்தால் போச்சு.

பிறகு புதுக் கொடிகள் வந்தன. மரக்கட்டையும் இல்லை, கண்ணியும் இல்லை. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பித்தளை வளையம். வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அன்று மதியம் சாப்பாட்டுப் பைக்குள் கொடியை மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அண்ணி பச்சை ஓரத்து மடிப்பில் விரலுக்கு மட்டும் தட்டுப்படும்படி ஒரு நூல் முடிச்சு போட்டுக் கொடுத்தார். இருந்த கொடிகளுக்கெல்லாம் இப்படியே முடிச்சு ஏறியது.

"ஒருநாள் நான் இல்லாம போனா என்ன பண்ணுவீங்க?" என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

"ஸ்டோர்காரன் இருக்கான். அவன் வாயைக் கிண்டினா போதும்."

ஸ்டோர்காரர் பொருள் அறைக்குப் பொறுப்பானவர், கொடிக்காரரோடு ஒரே வருடம் வேலைக்கு வந்தவர். இருவரும் பேசிக்கொள்வதைப் புதிதாகக் கேட்பவர்கள் சண்டை என்று விலக்கிவிட வருவார்கள். நிறத்தில் தினம் தினம் அதிகம் சோதிக்கப்பட்டவரும் அவர்தான். எத்தனை நாள் ஒரு மனிதன் திருத்திக்கொண்டே இருப்பான்? அவருக்கும் அலுத்துவிட்டது.

தேசிய நாள் வருகிறது என்று கம்பத்தைச் சுற்றியிருந்த கல் வளையத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னார்கள். மேல் காகிதம் கிழிந்துபோன இரண்டு டப்பாக்கள் பொருள் அறையில் இருந்தன. கொடிக்காரர் ஒன்றைத் தொட்டு, "இந்தச் சிவப்பு டப்பா இங்க எதுக்குய்யா கிடக்கு?" என்றார். அது பச்சை. ஸ்டோர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆமா சிவப்புதான். ஓரமா வை" என்றார். கொடிக்காரர் நம்பி, மற்ற டப்பாவை எடுத்துப் போய், வளையம் முழுவதும் அடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர்காரர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் எங்களைச் சோதிச்சே இல்ல? இன்னைக்கு உன்னைச் சோதிச்சாச்சு."

"நான் தெரிஞ்சேதான் அடிச்சேன். நீ எது வரைக்கும் போறேன்னு பார்க்க" என்றார் கொடிக்காரர். கூட்டம் இன்னும் சிரித்தது. விளையாட்டுக்காக வளையம் முழுக்கச் சிவப்படிக்கிற ஆளை எங்கே பார்ப்பது என்று வியந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாயங்காலம் வரை சுரண்டினார்.  அண்ணியை விட்டால் அவர் நம்பியிருந்த ஒரே வாயும் இனிமேல் நம்ப முடியாத வாயாகிவிட்டது.

தேசிய நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணியின் தங்கைக்கு அவசரமாக அறுவை சிகிச்சை என்று தகவல் வந்து அண்ணி புறப்பட்டுப் போனார். முடிச்சு போட்ட கொடிகள் இருக்கின்றனவே என்று கொடிக்காரர் தைரியமாக இருந்தார். ஆனால் அந்த வருடம் அமைச்சர் வருகிறார் என்பதால் தலைமையகத்திலிருந்து பெரிய கொடி ஒன்றை முத்திரை வைத்த பையில் அனுப்பிவிட்டார்கள். விழா நாள் காலையில்தான் பையைப் பிரிக்க அனுமதி. வாசலிலேயே எல்லோருடைய போனையும் பாதுகாப்புக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பலாம் என்று அவர் போட்டிருந்த கணக்கும் அதோடு போயிற்று.

பொருள் அறையின் பெரிய மேசையில் கொடியை விரித்தார்கள். அவரும் ஸ்டோர்காரரும் மட்டும். அவர் மடிப்பு ஓரங்களை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே கனம், ஒரே தையல். தன் பக்கம் கிடந்த ஓரத்தைக் காட்டி, முடிந்த வரை சாதாரணமாக, "இந்தச் சிவப்புல கறை மாதிரி ஏதாவது இருக்கா பாருய்யா" என்றார்.

ஸ்டோர்காரர் ஒரு பார்வை பார்த்தார். "சிவப்புல ஒரு கறையும் இல்ல. எடுத்துட்டுப் போய்க் கட்டு" என்றார்.

அவ்வளவுதான். அது உண்மையிலேயே சிவப்பாக இருக்கலாம். இல்லை, வண்ண டப்பா மாதிரி, ஆமாம் போட்டு வைப்போம் என்று சொன்னதாகவும் இருக்கலாம். இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தார். அதற்குள் விழாவுக்கு நாற்காலி ஏற்றிய வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, ஸ்டோர்காரர் ஓடிவிட்டார். முற்றத்தில் அணிவகுப்புக்காரர்கள் காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். கொடிக்காரர் அந்த ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்து மடித்தார்.

விழாக் கொடியைப் பிரித்து ஏற்ற மாட்டார்கள். நீளவாக்கில் மடித்து, சுருட்டி, உருவு முடிச்சு போட்டு, பொட்டலமாக உச்சிக்கு ஏற்றி வைப்பார்கள். விருந்தினர் கீழே நின்று ஒரு கயிற்றை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும். விரிகிற வரை அது பச்சை மேலா, சிவப்பு மேலா என்று யாருக்கும் தெரியாது. அதாவது, அவர் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு முகமும் கிடையாது.

அன்று அமைச்சர் கயிற்றை இழுப்பதற்கு முன் கொடியின் வரலாற்றைப் பேச என்னைப் போட்டிருந்தார்கள். பட்டம் படித்தவன், குரல் கணீரென்று இருக்கிறது என்று மாவட்ட அதிகாரி மேடமே சொன்னார்களாம். மேடைக்குப் பின்னால் நின்று நான் தாளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கொடிக்காரர் வந்தார். இஸ்திரி கலையாத சீருடை. கழுத்துப் பட்டி மட்டும் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் மேல பாரு. பொட்டலத்து ஓரத்துல ஏதாவது நிறம் தெரியுதா?"

பார்த்தேன். "வெள்ளைதான் தெரியுது அண்ணே. ஏன்?"

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான்."

நான் சிரித்துவிட்டேன். "இன்னைக்குமா அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். ரயில்வே, மரக்கட்டை, நூல் முடிச்சு, ஸ்டோர்காரர் சொன்னது எல்லாவற்றையும் அங்கேயே அவசர அவசரமாகக் கொட்டினார். பாதியில்தான் என் சட்டை எனக்கு நினைவு வந்தது.

"ஸ்டோர் அண்ணனைக் கேட்டுடலாமே?"

"அவன் வண்டியோட போயிட்டான். தேடியாச்சு."

"அப்ப இறக்கிப் பார்த்துடுங்க."

"இறக்கி? இறக்கி எந்தக் கண்ணால பார்க்கறது? யாரையாவது கூப்பிடணும். கூப்பிட்டா ஏன்னு கேட்பாங்க. கேட்டா சொல்லணும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "சொன்னா கம்பம் போச்சு தம்பி, வீடு போச்சு. இத்தனை வருஷம் கண்ணை மறைச்சு அரசாங்கத்தை ஏமாத்தினேன்னு வேலையே போனாலும் போகும். சொல்லாம விட்டு, அது சிவப்பா விரிஞ்சா?"

பாதிக்குப் பாதி. ஒரு பக்கம் விழுந்தால் ஒன்றுமே நடக்காது, சாயங்காலம் வழக்கம்போல் இறக்கி மடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்னொரு பக்கம் விழுந்தால் அமைச்சர் கையாலேயே சண்டைக் கொடி விரியும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் முற்றத்தில்.  அதற்குள் ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு நேரம் பேசுவே?" என்றார்.

"ரெண்டு பக்கம்."

"நாலு பக்கமாக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைப் பார்த்து நடந்தார். அவர் முடிவெடுத்துவிட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நடையைப் பார்த்தால் இன்னும் எடுக்காதவர் போலத்தான் இருந்தது.

நான் பேசினேன். எங்கள் முதல் கொடி கடையில் வாங்கியதல்ல, கிடைத்த துணியில் ஒட்டுப்போட்டது என்றேன். நாடகக் கொட்டகைத் திரையின் சிவப்பு, ஆஸ்பத்திரி விரிப்பின் வெள்ளை, பள்ளி மேசை விரிப்பின் பச்சை, தபால்காரர் ஒருவர் கழற்றிக் கொடுத்த மழைக்கோட்டின் மஞ்சள். அன்றைக்குச் சிவப்பு மேலே இருந்தது, சிந்திய ரத்தம் எல்லாவற்றுக்கும் மேலே என்றார்கள். இவ்வளவு தூரம் பேசும்போதே ஓரக்கண்ணில் பொட்டலம் மெல்ல அசைந்தது. இறக்குகிறார். இரண்டு கயிறு அருகருகே தொங்குகிறது. ஒன்று இறக்கும் கயிறு, இன்னொன்று அவிழ்க்கும் கயிறு. இரண்டாவது கொஞ்சம் இறுகினாலும் பொட்டலம் நடுவானில் திறந்துகொள்ளும். அவர் ஒரு கையால் அதைத் தளரப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாண் சாணாக விட்டார்.

வரிசையில் சிலர் தலையைத் திருப்பினார்கள்.  தாளைத் திருப்பினேன். விடுதலை வந்ததும் அவையில் பெரிய வாக்குவாதம் நடந்தது என்றேன். ரத்தத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எத்தனை காலம் வாழ்வது, இனி நிலம் மேலே வரட்டும், ரத்தம் வேராகக் கீழே இருக்கட்டும் என்று ஒரு பக்கம். கீழே போட்டால் மறந்துவிடுவீர்கள் என்று இன்னொரு பக்கம். கடைசியில் பச்சை மேலே வந்தது. ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய கொடியோடு காட்டுக்குள் போனார்கள். அப்புறம் பல வருடம் ஒரே துணியின் இரண்டு பக்கத்துக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டோம்.

தாள் முடிந்துவிட்டது. பொட்டலம் இன்னும் ஆள் உயரத்துக்கு வரவில்லை. அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் எழுந்து, முகம் இறுக, கம்பத்தை நோக்கிப் போனார். எனக்கு வேறு வழியில்லை, மஞ்சள் வட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். புத்தகம் அதைச் சூரியன் என்கிறது, கூலிக்கு மண் வெட்டிய என் அப்பா அதைத் தட்டு என்பார், விடுதலை வந்தால் நிறையும் என்று சொன்ன தட்டாம், இன்னும் காலியாக இருக்கிறதே என்று வருடா வருடம் கரகரத்த குரலில் கேட்பார் என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்புச் சிரிப்பு. அமைச்சரும் சிரித்தார். கடிகாரத்தை மறந்தார். நான் என் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது.

கம்பத்தடியில் நடந்ததை மேடம், கொடிக்காரர் இரண்டு பேருமே பிறகு ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"என்ன பண்றீங்க?" என்றார் மேடம், உதடு அசையாமல்.

அவர் பொட்டலத்தின் ஒரு மடிப்பை விலக்கிக் காட்டினார். "மேடம், மேல இருக்கறது பச்சையா?"

"என்ன கேள்வி இது?"

"எனக்கு நிறம் தெரியாது மேடம். பொறந்ததுலேர்ந்து தெரியாது. தப்பாக் கட்டியிருப்பேனோன்னு பயமா இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

மேடம் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து மடிப்பைப் பார்த்தார்.

"பச்சைதான். ஏத்துங்க" என்றார்.

பச்சைதான். முதலிலிருந்தே பச்சைதான் மேலே இருந்திருக்கிறது. பொட்டலம் மறுபடி உச்சிக்குப் போனது. நான் பேச்சை முடித்தேன். அமைச்சர் இழுத்தார், கொடி சட்டென்று விரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கொடிக்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் சுற்றிக்கொண்டு நின்றார்.

மதியம் மேடம் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போய்க் கதவருகில் நின்றேன்.

"இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க?"

"மூஞ்சியைப் பார்த்து மேடம்."

மேடத்துக்கு அது புரியவில்லை, அவரும் விளக்கவில்லை. "நான் எழுதித்தான் ஆகணும். இறக்கினதை அமைச்சரே பார்த்திருக்கார். கேட்டாச் சொல்லணும். கண் பரிசோதனைக்குப் போயிட்டு வாங்க. வேலைக்கு ஆபத்து வராம என்னால ஆனதைப் பண்றேன். கம்பமும் வீடும் என் கையில இல்ல."

"சரி மேடம்" என்றார் அவர். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பரிசோதனை என்றதும் அவருக்கு அந்தப் புள்ளிப் புத்தகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

செய்தி அதற்குள் எல்லா அறைக்கும் போய்விட்டது. ஸ்டோர்காரர் மூச்சு வாங்க வந்தார்.

"நான் பார்த்துத்தான்யா சொன்னேன். சிவப்பா இருந்துச்சு, சிவப்புன்னு சொன்னேன். நம்பலையா நீ?"

"அன்னைக்கு டப்பாவையும் சிவப்புன்னுதான் சொன்னே."

"அது விளையாட்டு. கொடியில எவனாவது விளையாடுவானா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேனே."

"அப்படியாய்யா கேட்கறது? எத்தனை வருஷம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம்? கண்ணு தெரியல, பார்த்துச் சொல்லுடான்னு கேட்க மாட்டியா?" என்று கத்திவிட்டு, ஸ்டோர்காரர் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டார்.  இருவரும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அண்ணி மறுநாள் வந்தார். வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: "வாயை மூடிட்டு நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? பச்சைதானே விரிஞ்சிருக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

 "தெரியாதுதான்" என்றார் அண்ணி. பிறகு தையல் மெஷினின் தலையைக் கழற்ற ஒரு திருப்புளி கேட்டார்.

கண் பரிசோதனை முடிவு எல்லோரும் எதிர்பார்த்தபடியே வந்தது. கொடிப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வேலை தப்பியது, ஒரு வருடச் சம்பள உயர்வு மட்டும் போயிற்று. வீட்டை ஒரு மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை அலுவலக வண்டியில் ஏற்றியவர்களில் நானும் ஸ்டோர்காரரும் இருந்தோம்.

இப்போது அவர் பின் வாசலில், சரக்கு வண்டிகள் வந்து போகும் கதவில் இருக்கிறார். கொடியை ஸ்டோர்காரர் ஏற்றி இறக்குகிறார். அவருக்குச் சொந்த வீடு உண்டு என்பதால் அந்த இரண்டு அறையும் பூட்டித்தான் கிடக்கின்றன. கொடிக்காரரும் அண்ணியும் டயர் கடைக்கு மேலே ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கிருந்து அலுவலகத்துக்கு நடந்துதான் வருகிறார். அண்ணிக்குச் சீருடைத் தையல் பாதியாகக் குறைந்துவிட்டது. கொடிக்காரர் இப்போதெல்லாம் யாருடைய சட்டை நிறத்தைப் பற்றியும் பேசுவதில்லை. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.